பேசாமல் சாப்பிடும் அறை

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், ஒரு விதைநெல் கம்பெனி இருக்கிறது. முன்னால் அலுவலகம், பின்னால் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே உள்ள முற்றத்தில் நெல்லைச் சலித்துத் தரம் பிரிக்கிற மெஷின். சித்திரையில் அந்த மெஷினைப் போட்டால் குறுவை விதை, சம்பா விதை எல்லாம் மூட்டையாகிப் போய் முடியும்வரை, புரட்டாசி வரைக்கும் அது ஓயாது. பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடக் கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் காலையிலிருந்து ஒருவர் காதில் ஒருவர் கத்திக் களைத்து, மதியம் சாப்பாட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

அதனால் அந்த அறையில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். சுவரில் எதுவும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொள்வார்கள். ஓவனுக்குள் குழம்பு தெறித்தால் தெறிக்கவிட்டவரே துடைக்க வேண்டும். அடுத்தவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அவராக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஃபேனுக்கு நேரே இருக்கிற நாற்காலி பர்வதம் மேடத்துடையது. யாரும் யாருடைய வீட்டு விஷயத்தையும் கேட்கக் கூடாது. போன் வந்தால் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட வேண்டும்.

இந்தப் போன் விஷயத்தில்தான் அனுசுயா மாட்டிக்கொண்டாள்.

அனுசுயாவுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈரத் தாளில் நெல்மணிகளை வரிசையாகப் பரப்பி, தாளைச் சுருட்டி வைத்து, சில நாள் கழித்துப் பிரித்து, எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொறுமையான வேலை. அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் நெல்லைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா அமிர்தலிங்கம் கடலுக்குப் போகிறவர். அம்மா சௌந்தரநாயகி கூடை தூக்கி ஊர் ஊராக மீன் விற்றவள்.

அந்தக் கரையில் பெண்களுக்குக் குரல் முக்கியம். அலைக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டு நிற்கிற படகுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால், ஒரு அலை உடைந்து அடங்கி அடுத்த அலை எழும்புவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். நெஞ்சிலிருந்து குரலை எடுத்து, நீட்டாமல், ஒரே வீச்சில் எறிவார்கள். அனுசுயா பேசக் கற்றதே அப்படித்தான். போரையாறில் கல்லூரி படித்தபோது அவள் பேசினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் கணவன் ராகுல், பக்கத்துக் குப்பத்துக்காரன். அவளுக்கு மாமன் முறை. அமிர்தலிங்கத்தின் படகிலேயே வேலைக்கு வந்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. இங்கே மீன்பாடு குறைந்துகொண்டே வந்தது. ஒரு தை மாதம், இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குப் போனான். மாமியார் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்து பார்த்த அனுசுயா, முடியாமல், இந்த வேலைக்கு எழுதிப் போட்டுத் தஞ்சாவூருக்கு வந்து பெண்கள் விடுதியில் தங்கினாள்.

ராகுலின் படகு சாயங்காலம் கடலுக்குப் போய்க் காலையில் திரும்பும். மீனை இறக்கி, வலையைத் தட்டி, ஐஸ் ஏற்றி முடிக்கும்போது தஞ்சாவூரில் மதியச் சாப்பாட்டு நேரம். அதற்கப்புறம் அவன் தூங்கி எழுந்து மறுபடி கடலுக்குப் போய்விடுவான். அங்கே சிக்னல் கிடையாது. இவளோ மதியத்துக்குப் பிறகு பரிசோதனைக் கூடத்துக்குள் போனால் போனை வெளியே வைத்துவிட வேண்டும். ஆக, அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த அரைமணி நேரத்தில்தான். வெளியே முற்றத்தில் மெஷின் சத்தம். கம்பெனி வைஃபை எட்டுகிற, கதவைச் சாத்தக்கூடிய இடம் சாப்பாட்டு அறை ஒன்றுதான்.

அவள் சேர்ந்த இரண்டாவது நாளே ராகுல் கூப்பிட்டான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அனுசுயா கேட்டாள்:

“மாமா, சாப்புட்டீங்களா? சோறு வடிச்சது யாரு, நீங்களா?”

பர்வதம் மேடத்தின் ஸ்பூன் நழுவித் தயிர்சாதத்துக்குள் விழுந்தது. அவர் கணக்குப் பிரிவில் மூத்தவர். குடமுருட்டிக் கரையில் ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். இப்போது சீனிவாசபுரத்தில் ஒரு வீடு, கனடாவில் ஒரு பையன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பூனை எடுத்துத் துடைத்துக்கொண்டார். எதிரில் இருந்த மெஹராஜ் பேகம் அப்படி இல்லை. அய்யம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, லாரிகளில் மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிறவர். லாரி டிரைவர்களோடு பேசிப் பழகிய வாய்.

“ஏ புள்ள, இதுக்கு எதுக்குப் போனு? சும்மா கூப்புட்டாலே பஹ்ரைனுக்குக் கேக்குமே.”

அனுசுயா நாக்கைக் கடித்துக்கொண்டு குரலைக் குறைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் ராகுலின் படகுத்துறையில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடும். “என்னா? கேக்கல” என்பான் அவன். இவள் கொஞ்சம் ஏற்றுவாள். இன்னொரு “என்னா” வரும். இரண்டு நிமிஷத்தில் குரல் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படி ஏறுவது அவளுக்கே தெரியாது.

வைகாசி பாதியில் மேனேஜர் ரகுராமன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். வெயிலைப் பற்றிப் பேசினார், முளைப்புத் திறனைப் பற்றிப் பேசினார், விடுதிச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்துவிட்டு,

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது அனுசுயா. சாப்பாட்டு ரூம்ல எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு நெனைக்கிறாங்க” என்றார்.

“யாரு சார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலம்மா. பொதுவாத்தான்.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. யாராவது நேரே வந்து ‘கத்தாதே’ என்று சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள், அங்கேயே தீர்ந்திருக்கும். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்ன செய்ய முடியும்? “சரிங்க சார்” என்று வந்துவிட்டாள்.

மறுநாள் வாயருகே கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசினாள்.

“என்னாடி, தொண்ட கட்டிக்கிச்சா?” என்றான் ராகுல்.

“இல்ல மாமா. எல்லாரும் சாப்புடுறாங்க.”

“என்னா?”

“சாப்புடுறாங்க.”

“யாரு சாப்புட்டா?”

“ஒண்ணுமில்ல. வச்சிடுறேன்.”

முற்றத்துக்குப் போய் புங்கமரத்தடியில் நின்று பார்த்தாள். மெஷின் இரைச்சலில் அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்று, படம் அப்படியே உறைந்துவிட்டது. எழுதி அனுப்பிப் பார்த்தாள். ராகுலுக்கு எழுத்து அவ்வளவாக வராது. இவள் மாய்ந்து மாய்ந்து பத்து வரி எழுதினால் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும். குரலைப் பதிந்து அனுப்பலாம்தான். ஆனால் அது பேசிக்கொள்வது ஆகுமா? ஒருவர் பேசிவிட்டுக் கிளம்பிப் போன பிறகு இன்னொருவர் வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

கடைசியில், தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அங்கே பீடி பிடிப்பான். இவள் இங்கே விடுதியில் கட்டிக் கொடுத்த சோற்றைப் பிசைவாள். அறையில் எல்லோருக்கும் நிம்மதி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், ராகுல் சலிப்போடு அவள் டப்பாவைப் பார்த்துவிட்டு, வலது உள்ளங்கையை மெல்லக் கவிழ்த்துக் காட்டினான்.

அனுசுயாவுக்குக் கை சோற்றிலேயே நின்றது.

அது படகுக்காரர்கள் பாஷை. கடலில் எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு வாய்ப்பேச்சு எட்டாது, கையால்தான் பேசிக்கொள்வார்கள். படகு கரையை நெருங்கும்போது முன்னால் நிற்கிறவன் கையைக் காட்டுவான். இன்றைக்கு என்ன மீன், எவ்வளவு என்று கரையிலிருக்கிற பெண்கள் அதைப் பார்த்தே கூடையை எடுப்பார்கள். கவிழ்த்த உள்ளங்கை என்றால் வலையில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு அனுசுயா பார்த்த கைகள் எத்தனையோ.

அவள் சட்டென்று இடது கையை நீட்டி, முழங்கை மடிப்பில் வலது கையால் தட்டினாள். கை நீள வஞ்சிரம் என்று அர்த்தம். ராகுலின் புருவம் ஏறியது. டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். உருளைக்கிழங்குப் பொரியல். அவன் தலையை அண்ணாந்து சிரித்தான். சத்தம் அவள் காதுக்குள் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அந்த அரைமணி நேரம் திரும்பவும் அவர்களுடையதாயிற்று. இரண்டு விரலை நெளித்தால் மத்தி. மணிக்கட்டைச் சுழற்றினால் எஞ்சின். சுழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினால் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது. இருக்கிற சைகை போதாதபோது புதிதாகச் செய்துகொண்டார்கள். தலைமேல் கூடை பிடிப்பதுபோல் கை வைத்தால் அவள் அம்மா. மீசையை நீவினால் மேனேஜர். ஒரு விரலை வட்டமாகச் சுற்றினால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பர்வதம் மேடம்.

மெஹராஜ் பேகத்துக்கு இது பெரிய வேடிக்கை. “ஏன் புள்ள, டிவியில செய்தி வாசிக்கிறப்ப ஓரத்துல ஒருத்தர் கைய ஆட்டுவாரே, அந்த வேலைக்கா போவப்போறே?” என்றார். இரண்டே வாரத்தில் வஞ்சிரமும் மத்தியும் அவருக்கும் தெரிந்தது. கிடங்கில் லாரிக்காரர்களிடம் உள்ளங்கையைக் கவிழ்த்து ‘மூட்டை இல்லை’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

பர்வதம் மேடம் ஒரு நாள் டப்பாவை மூடிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்:

“அந்த வெரல் சுத்தறது நான்தானே?”

அனுசுயாவுக்கு வியர்த்துவிட்டது. “ஃபேனுங்க மேடம்.”

“அதான் கேட்டேன்” என்று எழுந்து போய்விட்டார். கோபமாகத் தெரியவில்லை.

இப்போது அந்த அறையில் அனுசுயாவைவிட நல்ல பிள்ளை யாரும் இல்லை. ரகுராமன் சார் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியோடு தலையசைத்தார். அவளுக்கும் கொஞ்ச நாள் அது போதுமாக இருந்தது.

ஆனால் அந்தச் சைகைகள் எல்லாம் வேலைக்காகப் பிறந்தவை. இழு, விடு, திருப்பு, நிறுத்து, மீன் இருக்கிறது, மீன் இல்லை, காற்று மாறுகிறது. அதற்கு மேல் அவற்றில் இடமில்லை. ராகுல் போகும்போது விட்டுப்போன ஒரு நீலச் சட்டையை அவள் துவைக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் கூட இருந்த பெண் உதவி செய்கிறேன் என்று அவள் துணிகளோடு அதையும் சேர்த்து அலசிக் காயப்போட்டுவிட்டாள். மாடிக்கொடியில் அந்தச் சட்டை ஆடுவதைப் பார்த்து அனுசுயா அப்படியே நின்றாள். மறுநாள் அதை அவனுக்குச் சொல்ல நினைத்தாள். எப்படிச் சொல்வது? தன் காலரை இழுத்து முகர்வதுபோல் காட்டி, கையை விரித்து, இல்லை என்று தலையாட்டினாள். ராகுல் குழம்பினான். பிறகு தன் பனியனை இழுத்து மோந்து பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ‘துவைக்கிறேன், துவைக்கிறேன்’ என்று கும்பிட்டான். அவளும் சிரித்து வைத்தாள்.

அவன் தலைமுடி வெட்டியிருந்தால் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தால் தெரிந்தது. அவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது நெற்றியில் படுகிற மூச்சு எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துகொண்டே வந்தது. நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. தை வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, விடுதியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது ராகுலின் குரல்பதிவு வந்தது. ஓரமாக நின்று கேட்டாள்.

“அனு, மொதலாளி புதுப் படகு ஒண்ணு எறக்குறாரு. என்னைய அத ஓட்டச் சொல்றாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணுமாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும். நீ என்னா சொல்றே? வான்னா வந்துடறேன். இருன்னா இருக்கேன்.”

பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. படகு ஓட்டுவது அவன் ஆசைப்பட்ட வேலை. இரண்டு வருஷம் இருந்தால் சொந்தப் படகோடு வரலாம். அவள் சொல்லித்தான் அவன் பாதியில் வந்தான் என்று நாளைக்கு ஊரில் ஒரு பேச்சு வரக் கூடாது. அவன் வாயிலிருந்தும் வரக் கூடாது. போனை வாயருகே கொண்டுபோய், நல்ல மனைவி எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்:

“உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க மாமா.”

அனுப்பிய உடனே அழிக்க நினைத்தாள். அதற்குள் அவன் கேட்டுவிட்டான். பதில் வந்தது: “சரி. இன்னைக்கு மத்தியானம் படகு பாக்கக் கூட்டிட்டுப் போறாரு. நாளைக்கு உன் மொகத்தப் பாத்து ஒருதடவ கேட்டுட்டுச் சொல்லிடறேன்.”

மறுநாள் கம்பெனிக்கு விதைச் சான்று அதிகாரி வந்திருந்தார். கிடங்கைப் பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிடுவதாக ஏற்பாடு. ரகுராமன் சார் சாப்பாட்டு அறை மேசைக்கு விரிப்புப் போட்டு, வாழையிலையும் ஜாங்கிரியும் வரவழைத்திருந்தார். “எல்லாரும் நம்ம ரூம் மாதிரி எப்பவும் போல இருங்க. கொஞ்சம் அமைதியா மட்டும்” என்று காலையிலேயே இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் அமைதியாக இருக்கிற அறையில் அன்று அப்பளம் நொறுங்குவதே பெரிய சத்தமாக இருந்தது. அதிகாரி ஒரு கோடியில், பக்கத்தில் மேனேஜர். மறு கோடியில் மெஹராஜ் பேகம், பர்வதம் மேடம், அனுசுயா.

போன் ஒளிர்ந்தது. பாட்டிலில் சாய்த்து வைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ராகுல் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், முதலாளியின் ஆள் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ராகுல் பேசவில்லை, அவள் அறையில் பேச முடியாது என்று அவனுக்குத் தெரியும். போனை எதன்மேலோ நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் கயிறு இழுப்பதுபோல் காட்டினான். வலையை இழுத்துக்கொண்டு வந்துவிடவா? பிறகு உள்ளங்கைகளை முன்னால் தள்ளினான். வலையை விட்டு வைத்து இங்கேயே இருக்கவா? புருவத்தை உயர்த்தி நின்றான்.

அனுசுயா இரண்டு கைகளையும் விரித்தாள். உங்கள் இஷ்டம்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தலையசைத்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டு, போனைக் கையில் எடுத்தான். வானம் தெரிந்தது, ஒரு படகின் கம்பம் தெரிந்தது, அவன் செருப்பு தெரிந்தது. முதலாளியின் ஆளை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

“மாமா” என்றாள். அந்த அறைக்கு ஏற்ற குரலில். அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தோளில் கிடந்த துப்பட்டாவை உருவி, தலைக்கு மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினாள்.

கடலில் துண்டை வீசுவதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. படகு முழுகுகிறது, உயிர் போகிறது, வா. அதைப் பார்த்தவன் எதிரியாக இருந்தாலும் வலையை அறுத்துவிட்டு வந்தாக வேண்டும். அதனாலேயே அதைச் சும்மா வீசக் கூடாது. விளையாட்டுக்கு வீசினவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு அவனோடு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள்கூடக் கரையில் துணியைத் தலைக்கு மேலே சுற்றினால் அடி விழும். அனுசுயா அதைத் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடச் செய்ததில்லை.

போனை அணைக்க விரலைக் கொண்டுவந்தவன் அதைப் பார்த்துவிட்டான்.

அவள் எழுந்த வேகத்தில் இயர்போன் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ராகுலின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஏய், அனு, என்னா? யாருக்கு என்னா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா. நீ வா.”

இத்தனை நாளில் அவனை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை. குரல் நெஞ்சிலிருந்து வந்தது. ஐஸ் மெஷினைத் தாண்டி, அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

“படகு வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு ஒன்னப் பாக்கணும். தைக்கு வந்துடு.”

அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்தவன் மாதிரி வாங்கினான்.

“சும்மாவா துண்ட வீசுன?”

“சும்மா இல்ல.”

“எங்கப்பா இருந்திருந்தா செருப்பாலயே போட்டுருப்பாரு ஒன்ன.” அவன் குரல் உடைந்திருந்தது, சிரிப்பா இன்னொன்றா என்று சொல்ல முடியாது. “சரி. அழுவாத. போயிச் சொல்லிட்டு வந்துடறேன்.”

போன் அணைந்தது.

அதிகாரி தன் இலையில் இருந்த ஜாங்கிரியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரகுராமன் சார் தொண்டையைச் செருமி, “சார், இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். அதிகாரியும், “கொஞ்சமா” என்றார். ஒன்றுமே நடக்காததுபோல் எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நல்ல பழக்கம் உள்ள அறை அது. கேட்டதைக் கேட்கவில்லை என்று இருப்பதற்கு அங்கே எல்லோருக்கும் தெரியும்.

துப்பட்டாவின் முனை பட்டுப் பர்வதம் மேடத்தின் மோர் டம்ளர் சாய்ந்திருந்தது. விரிப்பில் மோர் பரவிக்கொண்டிருந்தது. அனுசுயா பதறி, அந்தத் துப்பட்டாவாலேயே ஒற்றி எடுத்தாள்.

“மன்னிச்சிடுங்க மேடம்.”

பர்வதம் மேடம் டம்ளரை நிமிர்த்தி வைத்தார். பிறகு, அந்த அறையில் யாரும் யாரையும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எப்ப வரார்?”

“தை பொறந்ததும் அனுப்பிடுவாங்க மேடம்.”

“ம்.” அவர் தன் டப்பாவின் மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “நான் எங்காத்துப் பிள்ளைகிட்ட ‘லீவு கெடைச்சா வாடா’ன்னுதான் சொல்லியிருக்கேன். ‘வா’ன்னு சொன்னதே இல்ல.” எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ராகுல் சொன்னபடியே முதலாளியின் ஆளிடம் சொல்லிவிட்டான். புதுப் படகை வேறு ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தினமும் கரைக்கு வரும் சின்னப் படகுகளில், தொடர்ந்து இருக்கப் போகிற ஆட்களைத்தான் வைத்துக்கொள்வார்களாம். தையில் கிளம்புகிறவனைப் பெரிய விசைப்படகில் ஏற்றிவிட்டார்கள். அது ஒரு முறை போனால் எப்போது கரைக்கு வரும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. கடைசியாகக் கூப்பிட்ட அன்று இதைச் சொல்லிவிட்டு, ராகுல் கயிறு இழுப்பதுபோல் ஒருமுறை காட்டினான். அவளும் காட்டினாள்.

அதன் பிறகு மதியத்தில் போன் வரவில்லை. வரச் சொன்னதும் அவள்தான், அதனால் இருந்த அரைமணி நேரமும் போனது அவளுக்குத்தான். வருத்தமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வருத்தம் இருந்தது. ஆனால் திரும்ப அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் துப்பட்டாவைத்தான் வீசியிருப்பாள் என்று தெரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விதை விற்று முடிந்து மெஷினை நிறுத்தினார்கள். கம்பெனியைச் சுற்றிலும் சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. முற்றத்தில் இப்போது தவளைச் சத்தமும் புங்கமரத்திலிருந்து சொட்டுகிற சத்தமும்தான். அங்கே நின்று எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்கும். பேசத்தான் ஆள் இல்லை. சாப்பாட்டு அறையில் அனுசுயா பாட்டிலைத் தனக்கு எதிரே வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட்டு எழுந்தாள். மெஹராஜ் பேகம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். பர்வதம் மேடம் சில நாள் ஒரு கரண்டி கூட்டு எடுத்து அவள் டப்பா மூடியில் வைப்பார்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு மதியம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வெறும் குரல், படம் இல்லை. அவள் இருந்த இடத்திலேயே எடுத்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அனு?”

“மாமா, எங்க இருக்கீங்க?”

“கடல்லதான். கரை தெரியுது, எறங்க விட மாட்டாங்க போலிருக்கு. ஐஸ் மட்டும் ஏத்திக்கிட்டுத் திரும்புறாங்க. இது வேற ஆளு போனு.”

“சாப்புட்டீங்களா?”

“ம். நீ?”

“சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்னா கொழம்பு?”

“சாம்பாரு.”

“கோவமா?”

“இல்ல. நீங்க வர்றீங்கல்ல.”

“வரேன்” என்றான். காற்று இரைந்தது. அவன் இன்னும் என்னவோ சொன்னான். பாதி வந்தது, பாதி வரவில்லை. படகு திரும்புகிறது போலும். பிறகு ஒன்றும் இல்லை.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மெஹராஜ் பேகம் அவள் டப்பாவை எடுத்துப் போய் ஓவனில் சூடு பண்ணி, திரும்பக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“சாப்புடு புள்ள.”

அனுசுயா போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தாள். அடுத்து எப்போது கரை தெரியும் என்று கேட்க மறந்திருந்தாள்.